ஒன்பது கிலோ

சொகார், ஓமன்
10 ஜனவரி 2025, வெள்ளி

பெபிஷா அக்காவுக்கு,

டெனிஷ் எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துவிடாதே. என்னோடு ஸ்டோரில் வேலை செய்பவர் ஒருவர் நாளை லீவில் ஊருக்கு வருகிறார். அவரிடம் கொடுத்து, என் பெண்டாட்டி ஜின்சி மூலம் அத்தான் கையில் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன். ஃபோன் செய்தால் நீ எடுக்க மாட்டாய். பதினொரு வருஷத்தில் நானும் ஒரு தடவைகூடச் செய்யவில்லை.

உனக்கு ஈரல் சுருங்கிவிட்டது என்று ஜின்சி சொல்லித்தான் தெரியும். கருங்கல் சந்தையில் யாரோ சொன்னார்களாம். உடனே அத்தானைக் கூப்பிட்டேன். அவர் எதையும் மறைக்கவில்லை. மாற்று ஈரல் வைக்க வேண்டும், ஆறு மாதத்துக்கு மேல் தள்ளக்கூடாது என்று திருவனந்தபுரத்து டாக்டர் சொன்னதையும், அவருடைய ரத்தம் சேராததையும், அஞ்சலிக்குப் பதினேழு வயதுதான் ஆகிறது என்பதால் அவளைத் தொடவே மாட்டார்கள் என்பதையும் சொன்னார். எனக்கு ஓ பாசிட்டிவ். உனக்கும் அதுதான். "நான் தாறேன் அத்தான்" என்றேன். "அவ வேண்டாம்னு சொல்லுவா மக்கா" என்றார்.

அதையும் மீறி இங்கே ஸ்கேன் எடுத்துப் பார்த்தேன். என் ஈரலிலும் கொழுப்பு. இரண்டாம் கட்டமாம். எடை தொண்ணூற்றொன்று. ரிப்போர்ட்டைத் திருவனந்தபுரத்துக்கு அனுப்பினேன். எடை எண்பத்திரண்டுக்கு வர வேண்டும், ஈரல் கொழுப்பும் கரைய வேண்டும், அதற்குப் பிறகுதான் மற்ற பரிசோதனை எல்லாம் என்று பதில் வந்தது. ஒன்பது கிலோ, மூன்று மாதம்.

இன்று காலையிலிருந்து சோறு, குபூஸ் ரொட்டி, பழம், சீனி எல்லாவற்றையும் நிறுத்திவிட்டேன். காலையில் நான்கு கிலோமீட்டர் ஓடினேன். ஓடினேன் என்பது பொய், பாதி தூரம் நடந்தேன். நாளை ஓடுவேன்.

எனக்கு இதைச் செய்ய விடு, அக்கா.

டெனிஷ்


மயிலாடி
21 ஜனவரி 2025

டெனிஷ்,

கடிதம் கிடைத்தது. கிழிக்கவில்லை. உன் அத்தான் அதை மேசையில் வைத்துவிட்டுச் சிலைப் பட்டறைக்குப் போய்விட்டார். இரண்டு நாள் அங்கேயே கிடந்தது. மூன்றாம் நாள் பிரித்தேன்.

இதை எழுதி முடித்ததும் அவர் படம் எடுத்து உனக்கு வாட்ஸப்பில் அனுப்புவார். நீயும் எழுதுவதானால் அப்படியே அனுப்பு. ஃபோன் மட்டும் செய்யாதே. உன் குரல் கேட்டால் சொல்ல வேண்டியதைச் சொல்ல மாட்டேன்.

சொல்ல வேண்டியது இதுதான். அப்பா இறந்த அன்று நான் பஸ் பிடித்து வந்தேன். நம் வீட்டு வாசலில் நீ நின்றாய். உனக்கு அப்போது இருபத்தேழு வயது. "நீங்க இப்பம் உள்ள வரவேண்டாம், சித்தப்பாமாருக்கு இஷ்டமில்ல" என்றாய். சித்தப்பாமார் சொன்னதைக்கூட நான் மறந்துவிடுவேன். என் இடுப்பில் வளர்ந்த தம்பி என்னை 'நீங்க' என்று சொன்னதை மறக்க முடியவில்லை. நான் வேறு மதத்துக்காரரைக் கட்டினேன் என்பதற்காக அப்பா பத்து வருஷம் என்னிடம் பேசவில்லை. அது அவருக்கும் எனக்கும் உள்ளது. முகத்தையாவது பார்த்திருப்பேன். ரோட்டில் நின்று மூடிய பெட்டியைப் பார்த்தேன்.

இப்போது அதற்குப் பரிகாரமாக உன் ஈரலை அறுத்துத் தருகிறாய். வேண்டாம். உன் மனசு ஆறுவதற்கு என் வயிற்றைத் தர முடியாது. வேறு வழி இருக்கிறதா என்று டாக்டர்கள் பார்க்கட்டும்.

இன்னொன்று. முதல் நாளே எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு ஓடக்கூடாது. இதை ஒரு உயிரியல் டீச்சராகச் சொல்கிறேன், வேறொன்றும் இல்லை.

பெபிஷா


சொகார்
2 பிப்ரவரி 2025

அக்கா,

உன் கடிதத்தை ஸ்டோரின் பின்னால் நின்று படித்தேன். நீ எழுதியது எல்லாம் சரி. சித்தப்பா சொல்லச் சொன்னார், நான் சொன்னேன். ஆனால் அந்த 'நீங்க' அவர் சொல்லித் தந்ததில்லை. உன் முகத்தைப் பார்த்து 'நீ' என்று சொல்லியிருந்தால் எனக்கு அந்த வார்த்தை வெளியே வந்திருக்காது. அதனால்தான் அப்படிச் சொன்னேன். இது சமாதானம் இல்லை. நடந்தது இப்படி.

நீ வேண்டாம் என்று சொன்ன பிறகும் நான் நிறுத்தவில்லை. எடை குறைந்தால் எனக்கும் நல்லதுதானே, அதற்கு உன் சம்மதம் தேவையில்லை.

ஆனால் நீ சொன்னது நடந்தது. நாலாம் நாள் தலைவலி பிடித்தது. மண்டைக்குள் யாரோ சிரட்டையால் சுரண்டுவது மாதிரி. ராத்திரி கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது. ஏழாம் நாள் ஸ்டோரில் ஏணியில் நின்று மேல் தட்டிலிருந்து ஒரு வால்வை எடுத்தேன், கண் இருட்டிக்கொண்டு வந்தது. கீழே நின்ற மலையாளிப் பையன்கள் பிடித்துக்கொண்டார்கள். "எந்தா சேட்டா, நோம்பா?" என்று கேட்டார்கள். ஆமாம், விரதம்தான் என்று சொல்லிவிட்டேன்.

கேம்ப் மெஸ்ஸில் சமைப்பவர் காசர்கோட்டுக்காரர். வெள்ளிக்கிழமை மரச்சீனிக் கிழங்கு அவித்து, சாளை மீன் கறி வைத்தார். நான் கறியில் கிடந்த மீனை மட்டும் எடுத்துக்கொண்டு ரூமுக்கு வந்துவிட்டேன். கதவை மூடினேன், மணம் கதவுக்கு அடியில் வந்தது. அக்கா, நாற்பது வயதை நெருங்குகிற ஆள் மரச்சீனிக்காகக் கண் கலங்கியதை நீ யாரிடமும் சொல்லாதே. நான் அழுதது மரச்சீனிக்காக மட்டும் என்றும் சொல்ல முடியவில்லை.

எப்படிச் செய்ய வேண்டும் என்று சொல். டீச்சராகவே சொல்.

டெனிஷ்


மயிலாடி
11 பிப்ரவரி 2025

டெனிஷ்,

ஏணியில் ஏறாதே.

நேற்று திருவனந்தபுரத்துக்குப் போயிருந்தோம். அங்கே உணவு ஆலோசகர் ஒரு பெண் இருக்கிறாள், சின்ன வயதுதான், நன்றாகச் சொல்லித் தருகிறாள். எனக்கான சீட்டை எழுதி முடித்ததும், "எனக்க தம்பி ஒருத்தன் இப்படிச் செய்யியான்" என்று உன் கதையைச் சொன்னேன். அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

முதலில், நீ சர்க்கரைக்கோ பிரஷருக்கோ மாத்திரை எடுக்கிறாயா? எடுத்தால் அந்த டாக்டரிடம் கேட்காமல் ஒரு பிடி சோறுகூடக் குறைக்கக்கூடாது. மாவுச்சத்து குறைந்ததும் அந்த மாத்திரைகளே ஆளைத் தள்ளிவிடும். எடுக்கவில்லை என்றால் மேலே படி.

எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்துவது வீரம் இல்லை. மத்தியானம் ஒரு சின்னக் கரண்டி சோறு இருக்கட்டும். அது இல்லாவிட்டால் நீ பத்தாம் நாள் ஒரு சட்டி சோறு தின்பாய், எனக்கு உன்னைத் தெரியும். தட்டில் பாதி கீரையும் காய்கறித் தோரனும், கால் பங்கு மீனோ முட்டையோ கோழியோ. சாளை நல்லது, பொரிக்காமல் கறியாகத் தின். சிறுபயறு அவித்துக்கொள். சீனி, ஜூஸ், பேக்கரி சாமான், இவை மட்டும் முழுதாகப் போகட்டும். தண்ணீர் நிறையக் குடி. மாவுச்சத்தைக் குறைத்த முதல் வாரங்களில் உடம்பிலிருந்து தண்ணீரும் உப்பும் சேர்ந்து வெளியே போகுமாம். உன் தலைவலியும் கால் இழுப்பும் அதுதான். பிரஷர் இல்லாத ஆள் என்றால் ஒரு கப் உப்புப் போட்ட சூப்பு குடிக்கலாம் என்றாள்.

ஓட வேண்டாம். இரண்டு வாரம் சாப்பாட்டுக்குப் பின் இருபது நிமிஷம் நட. உடம்பு பழகியதும் வேகமாக நட, பிறகு வாரம் இரண்டு நாள் எடை தூக்கு, அதுவும் மூச்சு வாங்காமல் பேச முடிகிற அளவுக்கு. தலை சுற்றினால் உட்கார். வாரத்துக்கு ஒரு கிலோவுக்கு மேல் குறையக்கூடாது. பட்டினி கிடந்து வேகமாகக் குறைத்தால் கொழுத்த ஈரல் இன்னும் வீங்கும். மாதம் ஒரு தடவை ரத்தம் பார்க்க வேண்டும். டப்பாவில் வருகிற எந்தப் பொடியையும் தொடாதே என்று இரண்டு தடவை சொன்னாள்.

உப்புச் சூப்பு என்று எழுதும்போது எனக்கு வாயில் எச்சில் ஊறுகிறது. வயிற்றில் நீர் கட்டுவதால் எனக்கு உப்பு கிடையாது. உன் அத்தானும் அஞ்சலியும் எனக்காக உப்பில்லாமல் தின்கிறார்கள். நான் பார்க்காத நேரம் அவர் அடுக்களையில் நின்று ஊறுகாய் நக்குவதைப் பார்த்தேன், பார்க்காத மாதிரி வந்துவிட்டேன். எனக்குப் பசி வந்தே ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. தட்டைக் கண்டாலே வயிறு திரும்புகிறது.

நான் சம்மதித்துவிட்டேன் என்று நினைக்காதே. நீ அங்கே தனியாக விழுந்து கிடக்கக்கூடாது, அதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன்.

பெபிஷா


சொகார்
9 மார்ச் 2025

அக்கா,

ஒரு மாதமாக நான் எழுதாததற்குக் காரணம் இருக்கிறது. நல்ல செய்தியோடு எழுதலாம் என்று காத்திருந்தேன். எடை எண்பத்தாறரை. பெல்ட்டில் இரண்டு துளை உள்ளே போய்விட்டது. நீ சொன்ன மாதிரியே தின்றேன், நீ சொன்ன மாதிரியே நடந்தேன். மாத்திரை எதுவும் எடுப்பதில்லை. இதெல்லாம் உண்மை.

ஆனால் ஒன்றை உன்னிடம் மறைத்தேன். ஜனவரியிலேயே இங்கே ஜிம்மில் ஒருவன் கொழுப்பைக் கரைக்கும் பச்சிலைப் பொடி என்று ஒரு டப்பா தந்தான். காலையும் மாலையும் வெந்நீரில் கலக்கிக் குடித்தேன். உன் கடிதத்தில் பொடியைத் தொடாதே என்று படித்த அன்று டப்பாவில் பாதி மீதி இருந்தது. எடை இறங்குகிறதே, இதை விட்டால் நின்றுவிடுமோ என்று பயந்தேன். மூன்று மாதம் என்பது என் தலைக்குள் மணி மாதிரி அடித்துக்கொண்டே இருந்தது. குடித்து முடித்தேன்.

வியாழக்கிழமை ரத்த ரிப்போர்ட் வந்தது. ஈரலில் என்னவோ ஒன்று, நாற்பதுக்குக் கீழே இருக்க வேண்டியது, நூற்றெழுபது. இங்குள்ள டாக்டர் எகிப்துக்காரர். என்னைப் பார்த்து, "என்ன குடித்தாய்?" என்றுதான் முதலில் கேட்டார். டப்பாவைக் கொண்டுபோய்க் காட்டினேன். குப்பையில் போட்டார். திருவனந்தபுரத்திலும் அதையே சொல்லிவிட்டார்கள். அந்த எண் பழையபடி ஆகும்வரை என்னை எடுக்க மாட்டார்கள். நாலு வாரமோ ஆறு வாரமோ. ஆகாமலும் போகலாம்.

உன்னிடம் இருப்பதே கொஞ்ச நாள். அதில் ஒரு மாதத்தை நான் வீணாக்கினேன். வாசலில் நின்று உன்னைத் தடுத்தவனும் நான்தான், இப்போது இதைச் செய்தவனும் நான்தான். திட்டி ஒரு கடிதம் எழுது. வராமல் இருந்தால் தாங்க மாட்டேன்.

டெனிஷ்


மயிலாடி
20 மார்ச் 2025

டெனிஷ்,

திட்ட வேண்டும் என்றுதான் பேனாவை எடுத்தேன். எழுதத் தெம்பில்லை, அதனால் திட்டு சின்னதாக இருக்கும். முட்டாள்.

உன் கடிதம் வந்த சில நாளில் என்னை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மண்டைக்காட்டு அம்மன் கொடைத் திருவிழா முடிந்த மறுநாள். உன் அத்தானின் தங்கை நாகம்மை கோயிலில் எனக்காகப் பொங்கலிட்டுவிட்டு வந்திருந்தாள். அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே எனக்கு எல்லாம் குழம்பிவிட்டதாம். ஈரல் வேலை செய்யாவிட்டால் ரத்தத்தில் கழிவு தங்கி மூளைக்கு ஏறும். பத்து வருஷமாக ஈரலைப் பற்றிப் பாடம் நடத்தியவள் நான். பாடத்தில் அது ஒரு வரி.

இரண்டு நாள் எனக்கு ஞாபகம் இல்லை. உன் அத்தான் சொன்னதைத்தான் எழுதுகிறேன். அவரை யாரென்று எனக்குத் தெரியவில்லையாம். அஞ்சலியைப் பார்த்து, "மணி நாலாச்சு, டெனிஷை ஸ்கூல்ல இருந்து கூட்டியாரணும், எனக்க செருப்பு எங்கட்டி?" என்று கேட்டேனாம். கட்டிலிலிருந்து இறங்கப் போனேனாம். "அவன் இப்பம் வருவான் பெபி, நீ படு" என்று அவர் சொல்ல, "ஒனக்கு அவனைத் தெரியாது, ஆள் போகலேன்னா வாசல்ல நின்னு அழுவான்" என்றேனாம். நர்சு இரண்டு பேர் பிடித்துப் படுக்க வைத்தார்களாம்.

அவர் இதைச் சொல்லும்போது அழுதார். அவர் அழுது நான் பார்த்ததில்லை.

தெளிந்த பிறகு யோசித்தேன். பதினொரு வருஷம் உன்னை வெறுத்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். புத்தி போன பிறகு உள்ளே மிச்சம் இருந்தது உன்னைக் கூட்டிவரப் போக வேண்டும் என்பதுதான். அப்படியானால் நான் யாரை ஏமாற்றினேன் என்று தெரியவில்லை.

எனக்குப் பயமாக இருக்கிறது. அஞ்சலிக்குப் பிளஸ் டூ பரீட்சை நடக்கிறது, எழுதிவிட்டு நேராக என் கட்டிலுக்கு வருகிறாள். நான் சாக விரும்பவில்லை. பரிகாரம் செய்ய வருவதானால் வராதே. எனக்கு உன்னைப் பார்க்க வேண்டும். அதற்காக வா. அந்த எண் இறங்கட்டும், இறங்கும். ஈரல் மாதிரி மன்னிக்கிற உறுப்பு உடம்பில் வேறில்லை, தொந்தரவை நிறுத்தினால் அதுவே தேறிக்கொள்ளும். என்னுடையதுதான் அந்த எல்லையைத் தாண்டிவிட்டது.

நட. தின். தூங்கு. வேறெதுவும் செய்யாதே.

அக்கா


சொகார்
14 ஏப்ரல் 2025

அக்கா,

முப்பத்தாறு. இன்று காலை ரிப்போர்ட் வந்தது. நூற்றெழுபதிலிருந்து முப்பத்தாறு. எகிப்து டாக்டர் கை குலுக்கினார். எடை எண்பத்திரண்டரை. இந்த ஐந்து வாரமும் நீ எழுதிய கடிதத்தைத் தவிர வேறு மருந்து எதுவும் இல்லை. மத்தியானம் ஒரு கரண்டி சோறு, மீன், கீரை, வெள்ளரிக்காய். காசர்கோட்டுக்காரர் எனக்கென்று தனியாகத் தேங்காய் போட்டு முட்டைக்கோஸ் தோரன் வைக்கிறார். வெயில் ஏறுவதற்கு முன்னால் கடற்கரை ரோட்டில் ஒரு மணி நேரம் வேகமாக நடக்கிறேன். இந்தக் கடலும் நம் கடலும் ஒன்றுதானே, இதன் ஓரமாகவே நடந்துகொண்டிருந்தால் தேங்காய்ப்பட்டணத்தில் ஏறிவிடலாம் என்று ஒரு நாள் தோன்றியது. அன்று இரண்டு கிலோமீட்டர் கூடுதலாக நடந்துவிட்டேன்.

நீ "அக்கா" என்று கையெழுத்துப் போட்டிருந்தாய். அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன்.

இருபத்தாறாம் தேதிக்கு டிக்கெட் கிடைத்திருக்கிறது. ஆனால் ஒரு விஷயம் உன்னிடம் சொல்ல வேண்டும். ஜின்சி சம்மதிக்கவில்லை. "ஒங்களுக்கு எதும் ஆச்சுன்னா எனக்கும் பிள்ளைக்கும் ஆரு இருக்கா?" என்று கேட்கிறாள். கேட்டுவிட்டு ஃபோனை வைத்துவிடுகிறாள். அவள் கையெழுத்து இல்லாமல் ஆஸ்பத்திரியில் எடுக்க மாட்டார்கள். அவளைக் குற்றம் சொல்ல என்னால் முடியவில்லை. எனக்குமே சில நேரம் பயம் வருகிறது. ஆபரேஷனில் ஆயிரத்தில் சில பேர் போவதுண்டு என்று சொல்லித்தான் தந்தார்கள். அவளிடம் பொய் சொல்ல எனக்கு மனசில்லை. பொடி விஷயத்தில் மறைத்தது போதும்.

என்ன செய்யட்டும்?

டெனிஷ்


மயிலாடி
23 ஏப்ரல் 2025

மக்கா,

உன் கடிதத்தைப் படித்ததும் "ஜின்சி சொல்வதுதான் சரி, வராதே" என்று ஒரு பதில் எழுதி வைத்தேன். உன் அத்தான் அதைப் படம் எடுப்பதற்குள் அவளே வந்துவிட்டாள்.

ஈஸ்டருக்கு மறுநாள். பிள்ளையை அவள் அம்மை வீட்டில் விட்டுவிட்டு, கருங்கலில் இருந்து இரண்டு பஸ் மாறி, தனியாக. கையில் ஒரு தூக்குவாளி. என் தம்பி பெண்டாட்டியை நான் இப்போதுதான் முதன்முதலாக நேரில் பார்க்கிறேன். வாசலில் நின்று என்னைப் பார்த்தாள். எனக்குக் கண்ணும் தோலும் மஞ்சள், கை கால் குச்சி, வயிறு மட்டும் எட்டு மாதக் கர்ப்பம் மாதிரி. சண்டை போடத்தான் வந்திருக்கிறாள், முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. ஆனால் என்னைக் கண்டதும் சண்டை எங்கேயோ போய்விட்டது.

"உள்ள வா மக்களே" என்றேன்.

உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் தூக்குவாளியின் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தாள். பிறகு, "மைனி, நான் ஒங்களுக்கு எதிரி இல்ல" என்றாள்.

"தெரியும். நானா இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன். நீ சம்மதிக்காண்டாம். நான் அவனுக்கு எழுதி வச்சிருக்கேன், பாரு" என்று கடிதத்தை நீட்டினேன்.

வாசித்தாள். மடித்து வைத்தாள். "அவரு ஒவ்வொரு நாளும் எடை பாத்து எனக்குப் படம் அனுப்புவாரு. நூறு கிராம் கொறஞ்சாலும் பிள்ளைய மாதிரி சிரிப்பாரு. கல்யாணம் ஆனதுல இருந்து அப்பிடி ஒரு சிரிப்பை நான் கண்டதில்ல மைனி. இதை நான் தடுத்தா அவரு உயிரோட இருப்பாரு. ஆனா என்னோட இருக்க மாட்டாரு." அப்படிச் சொல்லிவிட்டு அழுதாள். நானும்தான்.

அவளிடம் ஒன்று கேட்டேன். டாக்டரிடம் நீயே போய் உனக்குள்ள பயத்தை எல்லாம் கேள், எனக்காக எதையும் விழுங்காதே என்றேன். நேற்று உன் அத்தான் அவளைத் திருவனந்தபுரத்துக்குக் கூட்டிப் போனார். ஒன்றரை மணி நேரம் கேள்வி கேட்டாளாம். எல்லாம் கேட்டு முடித்த பிறகு, கையெழுத்துப் போடுகிறேன் என்று சொல்லிவிட்டாள். உன்னிடம் அவளே சொல்லுவாள், நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாதே.

தூக்குவாளியில் என்ன என்று நீ கேட்கவில்லையே. நெய்மீன். தேங்காய்ப்பட்டணத்தில் காலையில் வாங்கி, மல்லியும் புளியும் குறுமிளகும் மட்டும் போட்டு, உப்பில்லாமல் வைத்திருந்தாள். இரண்டு துண்டு தின்றேன்.

வா.

அக்கா


திருவனந்தபுரம்
18 மே 2025
மூன்றாம் மாடி, பெண்கள் வார்டு

டெனிஷ்,

நீ நாலாம் மாடியில் இருக்கிறாய், நான் மூன்றில். கூப்பிட்டால் கேட்கிற தூரம். ஆனாலும் எழுதுகிறேன். நாளை காலை உன்னை முதலில் கொண்டு போவார்கள், பிறகு என்னை. இதை ஜின்சி உன்னிடம் தருவாள்.

நீ வீட்டுக்கு வந்த அன்று நாம் இருவரும் பத்து நிமிஷம் எடையைப் பற்றியே பேசினோம், கவனித்தாயா? "எண்பத்தொண்ணரை" என்றாய். "போன வாரம்?" என்றேன். "எண்பத்திரண்டு" என்றாய். உன் அத்தான் காப்பியோடு வந்து, இதென்ன பிள்ளைகள் என்று பார்த்துவிட்டு உள்ளே போனார். இத்தனை மாதம் ஏங்கியதெல்லாம் இருக்க, வெளியே வந்தது கிலோ கணக்கு.

ஸ்கேனில் உன் ஈரலில் கொழுப்பு ஐந்து சதவீதத்துக்கும் கீழே என்று வந்த அன்று அந்த உணவு ஆலோசகர் பெண் என் கட்டிலுக்கு ஓடி வந்து சொன்னாள். உறுப்பு தானத்துக்கு அனுமதி தருகிற விசாரணைக் குழு நாம் உடன்பிறந்தவர்கள்தானா என்று கேட்டு, சேர்ந்து எடுத்த படம் கேட்டபோது நம் இருவரிடமும் ஒன்றுகூட இல்லை. எனக்கு அன்றுதான் வெட்கமாக இருந்தது. ஸ்கூல் சர்டிபிகேட்டில் அப்பா பெயர் ஜேசுதாஸ், அம்மை பெயர் நேசபாய் என்று இரண்டு பேருக்கும் ஒன்றாக இருந்ததைக் காட்டி நீ நின்றாய்.

அப்போது ஒன்று பார்த்தேன். அதை உன்னிடம் நேரில் சொல்ல முடியவில்லை. ஜன்னல் வெளிச்சம் உன் மேல் விழுந்தது. கன்னச் சதையெல்லாம் போய், தாடை எலும்பு தெரிகிறது இப்போது. அது அப்பாவின் தாடை. மூக்குக்கு இரண்டு பக்கமும் இறங்குகிற அந்தக் கோடு அப்பாவுடையது. நீ குண்டாக இருந்த வருஷங்களில் அது உள்ளேயே கிடந்திருக்கிறது. மூடிய பெட்டியைப் பார்த்துவிட்டு வந்தவள் நான். அன்றைக்கு அந்த அறையில் நான் பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டேன், மக்கா. இனி அதைப் பற்றி நீ என்னிடம் பேச வேண்டாம்.

நாளை பயம் வந்தால் ஒன்று, இரண்டு என்று எண்ணு. நானும் எண்ணுவேன்.

அக்கா


திருவனந்தபுரம்
23 மே 2025

அக்கா,

நாலு நாள் ஆகிவிட்டது. இன்று நர்சு என்னை எழுந்து நடக்கச் சொன்னாள். வயிற்றில் தையல் இழுக்கிறது, இருமினால் கண்ணில் தண்ணீர் வருகிறது. ஆனால் நடந்தேன். இத்தனை மாதம் நடந்து பழகியது இன்றைக்குத்தான் உதவியது. மெதுவாக லிஃப்ட்டுக்கு வந்து, தீவிர சிகிச்சைப் பிரிவின் கண்ணாடிக் கதவு வரை வந்துவிட்டேன். ஜின்சி டிரிப் ஸ்டாண்டைத் தள்ளிக்கொண்டு பின்னாலேயே வந்தாள், வாய் ஓயாமல் திட்டிக்கொண்டு.

நீ தூங்கிக்கொண்டிருந்தாய். உனக்குக் கிருமி தொற்றக்கூடாது என்று உள்ளே விடவில்லை. எத்தனை குழாய். அத்தான் எனக்குப் பக்கத்தில் வந்து நின்றார். "ஈரல் வேல செய்யத் தொடங்கிட்டுதுன்னு டாக்டர் சொன்னாரு. பித்தநீர் வருதாம்" என்றார். பித்தநீர் வருகிறது என்பதை ஒரு மனிதர் இவ்வளவு சந்தோஷமாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

எனக்கு மீதமிருக்கிற ஈரல் இரண்டு மூன்று மாதத்தில் வளர்ந்துவிடும் என்கிறார்கள். ஆறு வாரத்துக்குக் கனம் தூக்கக்கூடாது, பட்டினி கூடாது, நன்றாகத் தின்ன வேண்டும். ஆகஸ்டில் திரும்ப வேலைக்குப் போக வேண்டும். அதை நினைத்தால் வயிற்றில் தையல் இல்லாத இடமும் வலிக்கிறது. முன்பு ஊரை விட்டுப் போகும்போது எனக்கு ஒன்றும் தோன்றியதில்லை. இப்போது நாள்காட்டியைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

கண்ணாடியில் கை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றேன். நீ விழிக்கவில்லை. எழுந்ததும் இரண்டு வரி எழுது. எழுத முடியாவிட்டால் அத்தானிடம் சொல்லி அனுப்பு. நான் காத்துக்கொண்டிருக்கிறேன்.

டெனிஷ்


26 மே

டெனிஷ்,

பேனா பிடிக்கக் கை பழகவில்லை. கோணலாக இருக்கும்.

காலையில் நர்சு முகம் துடைத்துவிட்டு ஒரு சின்னக் கண்ணாடியைக் காட்டினாள். கண்ணில் மஞ்சள் பாதிக்கு மேல் போய்விட்டது. யாரோ வேறு ஆள் என்று நினைத்தேன்.

நாளை என்னைத் தனி அறைக்கு மாற்றுவார்கள். முகக்கவசம் போட்டு, கை கழுவி, ஒருவர் வரலாம் என்றாள். உன் அத்தானிடம் கேட்டேன். "டெனிஷ் வரட்டும்" என்று அவரே சொல்லிவிட்டார்.

பேச ஒன்றும் வேண்டாம். கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்.

இன்னொன்று சொல்ல வேண்டும், அதற்குத்தான் பேனா கேட்டேன். இன்று மத்தியானம் பக்கத்துக் கட்டிலுக்குக் கஞ்சி கொண்டு வந்தார்கள். பயறு போட்ட கஞ்சி. எனக்கு இன்னும் தரவில்லை. மணம் வந்தது. வயிறு திரும்பவில்லை. நான் தலையைத் திருப்பி அந்தக் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

பசிக்கிறது, மக்கா. ஒன்றரை வருஷத்துக்குப் பின் எனக்குப் பசிக்கிறது.

அக்கா